அணையா அடுப்பு

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்கு அருகில் வடலூர் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரில் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் ஓர் அடுப்பு மூட்டப்பட்டது. அன்று மூட்டிய தீ இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. மூட்டியவர் மறைந்து 150 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும், அந்த அடுப்பில் நாள்தோறும் சோறு பொங்குகிறது. பசித்து வருவோர் உண்டு செல்கின்றனர். அந்த அடுப்பை மூட்டியவர் இராமலிங்க அடிகள். உலகம் அவரை வள்ளலார் என்று அழைக்கிறது.

வள்ளல் என்றால் வாரி வழங்குபவர் என்று பொருள். வள்ளல்கள் என்றதும் தேரையும் போர்வையையும் கொடுத்த மன்னர்களும் குறுநிலத் தலைவர்களுமே நம் நினைவுக்கு வருவர். இராமலிங்கரிடம் நாடும் இல்லை, பொருளும் இல்லை. உடுத்தியிருந்த வெள்ளாடையைத் தவிரத் தமக்கென்று அவர் எதையும் சேர்த்து வைக்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு வள்ளலார் என்னும் பெயர் எவ்வாறு பொருந்தியது? அவரது வாழ்க்கையை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

இராமலிங்கர் 1823ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5ஆம் நாள், சிதம்பரத்திற்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்தார். தந்தையார் இராமையா, தாயார் சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் இராமலிங்கரே கடைக்குட்டி. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையார் காலமானார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரிக்கு அருகிலிருந்த தம் பிறந்த ஊருக்குச் சென்றார். பின்னர், அக்குடும்பம் சென்னையில் குடியேறியது. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து பொருள் ஈட்டினார். அந்த வருவாயில்தான் குடும்பம் நடந்தது.

தம்பி நன்கு படித்துத் தம்மைப் போலவே ஒரு தொழிலில் நிலைபெற வேண்டும் என்று அண்ணன் விரும்பினார். தம்பியின் மனமோ பாடத்தில் ஒட்டவில்லை. ஆசிரியரிடம் செல்லாமல் கந்தகோட்டத்து முருகன் கோயிலுக்குச் சென்று பாடிக்கொண்டிருப்பதே அவருக்கு இன்பமாக இருந்தது. அண்ணன் கண்டித்தும் பயனில்லை. கோபம் மிகுந்த அவர், தம்பிக்கு வீட்டில் சோறு போடக்கூடாது என்று மனைவியிடம் கூறிவிட்டதாக வள்ளலாரின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

அண்ணியார் பாப்பாத்தி அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கணவர் இல்லாத வேளை பார்த்து, இராமலிங்கரை அழைத்துச் சோறிட்டு வந்தார். ஒருநாள் வீட்டில் தந்தையாரின் நினைவுநாள். உறவினர் பலரும் வந்து விருந்துண்டு சென்றனர். எல்லாரும் உண்ட பிறகு அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் மறைவாக வந்து உண்ண வேண்டியிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த அண்ணியாரின் கண்களில் நீர் பெருகியது. அதைக் கண்ட இராமலிங்கரின் மனம் இளகியது. இனி வீட்டிலேயே தங்கிப் படிப்பதாக ஒப்புக்கொண்டார். அவருக்கென்று மாடியில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது.

மறைவாகக் கிடைத்த அந்தச் சோறு சாதாரணச் சோறுதான். அது யாரும் பாடிப் புகழும் பெருங்கொடை அன்று. ஆனால், சோறு மறுக்கப்பட்டவனுக்கு ஒரு பிடிச் சோறு எத்தகைய பேறு என்பதை இராமலிங்கர் இளமையிலேயே அறிந்தார். சோற்றைக் கொடுப்பவரின் கண்ணீரும் அந்தச் சோற்றின் ஒரு பகுதி என்பதையும் அவர் அறிந்தார். பிற்காலத்தில் அவர் செய்த பெரும்பணியின் வித்து அந்தச் சமையற்கட்டில் விழுந்திருக்கக்கூடும்.

சில காலம் சென்றது. சோமு செட்டியார் என்பவரின் இல்லத்தில் அண்ணன் தொடர் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவருக்கு உடல்நலம் குன்றியது. தம் வரவை எதிர்பார்த்துக் கூட்டம் ஏமாறக்கூடாதே என்று எண்ணி, இரண்டொரு பாடல்களைப் பாடிவிட்டு வருமாறு தம்பியை அனுப்பினார். பெரியபுராணத்தைப் பற்றி அன்று இராமலிங்கர் ஆற்றிய உரையைக் கேட்டு அவையோர் வியந்து நின்றனர். செய்தியறிந்த அண்ணன் தம்பியின் பெருமையை உணர்ந்தார். படிப்பில் கவனம் இல்லாத பிள்ளை என்று கருதப்பட்டவர் பெரும்புலவராக மலர்ந்தார். காலப்போக்கில் அவர் இயற்றிய பாடல்கள் ஐயாயிரத்தைக் கடந்தன.

இராமலிங்கர் உரைநடையும் எழுதினார். 1854ஆம் ஆண்டு மனுமுறை கண்ட வாசகம் என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழனின் கதை அது. தன் நாட்டில் இத்தகைய கொடுமை நேர்ந்ததற்கு, தான் அறியாமல் செய்த தீமை எதுவோ என்று மன்னன் கலங்குகிறான். மனிதர் செய்யக்கூடிய குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறான். பசித்தவரின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதையும் அந்தக் குற்றங்களுள் ஒன்றாக இராமலிங்கர் சேர்த்திருக்கிறார். சோறு போடாதது மட்டும் அன்று, பசித்த முகத்தைப் பாராமல் போவதே பிழைதான் என்பது அவர் கருத்து. காணாத ஒன்றுக்கு எவரும் உதவ முடியாது அல்லவா?

1858ஆம் ஆண்டளவில் இராமலிங்கர் சென்னையை விட்டு நீங்கினார். சிதம்பரம் சென்று வழிபட்டபின், வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழி என்னும் சிற்றூரில் வேங்கட ரெட்டியார் என்பவரின் இல்லத்தில் தங்கினார். அங்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். நாட்டுப்புறத்து எளிய மக்களின் வாழ்வை அவர் அருகிலிருந்து கண்டது அக்காலத்தில்தான். மழை பொய்த்தால் பயிர் காயும். பயிர் காய்ந்தால் உழவரின் அடுப்பு எரியாது. நீரின்றிச் சாய்ந்து நிற்கும் பயிரைக் கண்டபோதும், வீடு வீடாகச் சென்று கேட்டும் சோறு கிடைக்காமல் களைத்து நின்றவர்களைக் கண்டபோதும் அவர் அடைந்த வேதனையை அவருடைய பாடல்கள் காட்டுகின்றன.

அவர் கருங்குழியில் இருந்தபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். இரவு முழுவதும் விளக்கொளியில் எழுதுவது அவரது வழக்கம். ஒருநாள், விளக்கில் எண்ணெய் தீரும்போது, அருகில் இருந்த கலயத்திலிருந்து எண்ணெய் என்று எண்ணித் தண்ணீரை ஊற்றிவிட்டாராம். ஆயினும், விளக்கு விடியும்வரை எரிந்ததாம். அடியவர்கள் இதனை அற்புதமாகப் போற்றுகின்றனர். இக்கதை ஒருபுறம் இருக்கட்டும். தண்ணீரால் எரிந்த விளக்கு ஓர் இரவுக்குரியது. வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு 150 ஆண்டுகளுக்கும் மேலாக எரிகிறது. அது மனிதர்கள் சுமந்து வந்த விறகால் எரிகிறது. இரண்டில் எது பெரிய அற்புதம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இராமலிங்கரின் பாடல்களை அச்சிட வேண்டும் என்று அன்பர்கள் பலமுறை வேண்டினர். அவர் இசையவில்லை. புகழைக் கண்டு அவர் கூச்சமடைந்தார். அவர்களுள் ஒருவரான இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை மட்டுமே உண்பது என்று உறுதி பூண்டார். இதை அறிந்ததும் இராமலிங்கர் கலங்கிப்போனார். வாதங்களால் இளகாத அவர் மனம், ஒருவர் தம்பொருட்டுப் பசித்திருக்கிறார் என்று கேட்டதும் இளகிவிட்டது. பாடல்களை அனுப்ப அவர் இசைந்தார். தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் திருவருட்பாவின் முதற்பகுதி 1867ஆம் ஆண்டு அச்சில் வெளிவந்தது. தமக்குச் சாமி என்னும் பட்டம் வேண்டா என்றும் அவர் கடிதத்தில் கேட்டுக்கொண்டார்.

அதற்கு முந்தைய ஆண்டு கொடிய ஆண்டு. 1866இல் ஒடிசாவைப் பெரும்பஞ்சம் தாக்கியது. சென்னை மாகாணத்தின் சில பகுதிகளும் அதன் பிடியில் சிக்கின. பசியைப் பற்றிப் பாடுவது போதாது என்பது இராமலிங்கருக்குத் தெளிவாயிற்று. 1865ஆம் ஆண்டு அவர் தொடங்கியிருந்த சன்மார்க்க சங்கம், எல்லா உயிர்களையும் தம்முயிர்போல் கருத வேண்டும் என்று வலியுறுத்தியது. அக்கொள்கைக்கு ஓர் உருவம் வேண்டும். பசித்த ஒருவர் தட்டினால் திறக்கும் கதவாக அது இருக்க வேண்டும்.

கொடுக்க விரும்பியவரிடம் நிலம் இல்லை. அவர் பார்வதிபுரம் எனப்பட்ட வடலூரின் மக்களைக் கேட்டார். அவ்வூர் மக்கள் ஒன்றுகூடி, ஏறத்தாழ 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தனர். ஒரு செல்வர் தரவில்லை. ஊரே சேர்ந்து தந்தது. மண்சுவரும் கூரையுமாக ஓர் எளிய கட்டடம் எழுந்தது. அதுவே சத்திய தருமச்சாலை. சுமார் 21 அடி நீளமுள்ள அடுப்பு அமைக்கப்பட்டு, தீ மூட்டப்பட்டது. அரிசி கொடுப்பவர் அரிசி கொடுத்தார். காய்கறி கொடுப்பவர் காய்கறி கொடுத்தார். எதுவும் இல்லாதவர் விறகு பிளந்தார், தண்ணீர் சுமந்தார், பரிமாறினார். தம்மிடம் கொடுக்க எதுவுமே இல்லை என்று சொல்ல அங்கு ஒருவருக்கும் இடமில்லை.

தருமச்சாலையின் நோக்கத்தை விளக்குவதற்காக இராமலிங்கர் எழுதிய நூல் சீவகாருணிய ஒழுக்கம். ஒரு மருத்துவர் நோயை விவரிப்பதுபோல் அவர் பசியை விவரிக்கிறார். பசி மிகும்போது கண் ஒளி இழக்கிறது, காது அடைக்கிறது, கைகால் சோர்கின்றன, அறிவு மயங்குகிறது என்று படிப்படியாகக் கூறுகிறார். உண்டபின் அவை ஒவ்வொன்றும் மீள்வதையும் கூறுகிறார். ஒரு வேளை உணவு ஒரு மனிதனுக்கு அவனுடைய கண்ணையும் காதையும் அறிவையும் மீட்டுத் தருகிறது. நாம் நாள்தோறும் சிந்திக்காமலே உண்டு எழும் சோற்றில் இத்தனை பேறுகள் அடங்கியிருப்பதை அந்நூல் நமக்குக் காட்டுகிறது. திருமணம் முதலிய மகிழ்ச்சி நாள்களில் பசித்தவர்களுக்கு உணவளிக்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். தம் மகிழ்ச்சியில் பிறருக்குப் பங்கு கொடுத்தால் அது குறைவதில்லை என்பது அவரது நம்பிக்கை.

அக்காலச் சூழலில் இப்பணி எளிதன்று. யார் யாருடன் உண்ணலாம், யார் சமைத்ததை யார் தொடலாம் என்பதைச் சாதியே முடிவு செய்த காலம் அது. கோயில்களிலும் சத்திரங்களிலும் உணவு வழங்கும் வழக்கம் முன்பே இருந்தது. ஆனால், பல இடங்களில் பந்தியில் பிரிவினை இருந்தது. இராமலிங்கர் நாடு, சமயம், சாதி, ஒழுக்கம் என்று எதையும் விசாரிக்க வேண்டா என்றார். பசி ஒன்றே தகுதி என்றார்.

1872ஆம் ஆண்டு வழிபாடு தொடங்கிய சத்திய ஞானசபையுடன் ஒப்பிட்டால் இதன் சிறப்பு விளங்கும். எண்கோண வடிவில் அமைந்த அந்தச் சபையினுள், கொலையையும் புலால் உண்பதையும் விட்டவர்களே செல்லலாம் என்று அவர் விதித்தார். உயிர்க்கொலையை அவர் அந்த அளவுக்கு வெறுத்தார். ஆனால், தருமச்சாலையின் வாயிலில் அத்தகைய விதி எதையும் அவர் வைக்கவில்லை. புலால் உண்பவராயினும் பசித்து வந்தால் அவருக்குச் சோறு உண்டு. வழிபாட்டு மண்டபத்துக்கு நிபந்தனை வைத்தவர் சமையற்கூடத்துக்கு நிபந்தனை வைக்காததை நாம் கவனிக்க வேண்டும். தம் கொள்கையில் உறுதியாக நின்றபடியே, தம் கொள்கையை ஏற்காதவருக்கும் அவர் உணவளித்தார்.

எதிர்ப்புகளும் எழாமல் இல்லை. இராமலிங்கரின் பாடல்களை அருட்பா என்று அழைப்பது தகாது எனச் சிலர் மறுத்தனர். யாழ்ப்பாணத்து அறிஞர் ஆறுமுக நாவலர் அவர்களுள் முதன்மையானவர். 1869ஆம் ஆண்டு அவ்விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. தமிழறிஞர்கள் இரு பிரிவாக நின்று வாதிட்டனர். அந்த வாதங்கள் நடந்த நாள்களிலும் தருமச்சாலையில் சோறு பொங்கியது. வாதத்தில் எவர் வெல்வார் என்று பார்த்துவிட்டுப் பசி வருவதில்லை.

வயிற்றுப் பசியோடு அறிவுப் பசியையும் இராமலிங்கர் கருதினார். பொதுமக்கள் திருக்குறளைக் கற்பதற்கு வடலூரில் வகுப்புகள் நடைபெறச் செய்தார். தாம் எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் தம் நெறியைப் பின்பற்றவில்லை என்னும் வருத்தம் அவருக்கு இறுதிக் காலத்தில் இருந்தது. 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், மேட்டுக்குப்பம் என்னும் ஊரில் தாம் தங்கியிருந்த அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. அவர் ஒளியுடன் கலந்துவிட்டார் என்று அடியவர்கள் நம்புகின்றனர்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில் சென்னை மாகாணம் முன்னெப்போதும் காணாத பெரும்பஞ்சத்தைச் சந்தித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பிழைப்பு தேடி நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்கள் பலர். கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களிலும் இரயில் பாதைகளிலும் அவர்கள் உழைத்தனர். பசி இன்னது என்று அறிந்த மக்கள் அவர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் அவர்கள் அன்னதானத்தை விடாமல் நடத்தியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அம்மரபை இன்றும் கிள்ளான் பள்ளத்தாக்கில் காண்கிறோம். தைப்பூசத்தன்று வடலூரில் ஏழு திரைகள் விலக்கப்பட்டுச் சோதி தரிசனம் காட்டப்படுகிறது. அதே தைப்பூசத்தை ஒட்டி, கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. சுமார் 15 கிலோமீட்டர் தூரம் நடந்து செல்லும் பக்தர்களுக்கு வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் காத்திருக்கின்றன. மோரும் தண்ணீரும் உணவும் தருபவர்கள் பெறுபவரின் பெயரைக் கேட்பதில்லை, இனத்தையும் கேட்பதில்லை. வடலூர் வாயிலில் கேட்கப்படாத கேள்விகள் இங்கும் கேட்கப்படுவதில்லை.

எனினும், திருவிழா முடிந்த பிறகு பாதி உண்ட பொட்டலங்கள் சாலையோரத்தில் கிடப்பதையும் நாம் காண்கிறோம். கொடுக்கக் கற்றுக்கொண்ட நாம், பெற்றதை மதிக்கக் கற்றுக்கொள்ளவில்லையோ என்று தோன்றுகிறது. வள்ளலார் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. சோற்றின் அருமையை உணர்ந்தவரே அதை மனமுவந்து பகிர்வார். பகிர்பவரே அதன் அருமையை மேலும் உணர்வார். வீணாகும் ஒவ்வொரு கவளமும் வேறொருவரின் கண்ணொளியாக மாறியிருக்கக்கூடும்.

நாம் அனைவரும் தருமச்சாலை கட்ட வேண்டியதில்லை. சாலாக் செலாத்தானில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வள்ளலாரின் நெறி இடம்பெறும். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை அண்டை வீட்டு மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கொடுக்கிறோம். நோன்புப் பெருநாளன்று அவர்கள் வீட்டுக் கெத்துப்பாட் நம் வீட்டுக்கு வருகிறது. இவை சிறிய செயல்கள்தாம். மதிய இடைவேளையில் உணவு கொண்டுவராத நண்பன் சிற்றுண்டிச்சாலைக்கு வராமல் வகுப்பறையிலேயே அமர்ந்திருப்பதைக் கவனிப்பதும் சிறிய செயல்தான். அவன் கூச்சப்படாதபடி நம் உணவில் பாதியை அவன்முன் வைப்பதற்கு நிலமும் பொருளும் தேவையில்லை. அவன் முகத்தை நாம் பார்த்திருந்தால் போதும்.

வள்ளலார் மூட்டிய தீ தானாக எரியவில்லை. ஒவ்வொரு நாளும் எவரோ ஒருவர் எழுந்து சென்று அதில் விறகு வைத்திருக்கிறார். 150 ஆண்டுகளுக்கும் மேலாக ஒருநாள்கூட, வேறொருவர் வைத்துக்கொள்வார் என்று எல்லாரும் இருந்துவிடவில்லை. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் வரலாற்றில் இல்லை. ஆனால், அவர்கள் வைத்த விறகால்தான் இன்றும் வடலூரில் உலை கொதிக்கிறது.